சத்தமில்லாச் சொடுக்கு

கார்த்திகேசு மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாட்டை வீசினான். ஒரு நாள்கூட அது சத்தம் போட்டதில்லை.

சாட்டை என்றால் சத்தம் போட வேண்டும். அதை வீசுவதே அதற்குத்தான். கிள்ளான் சாட்டை விளையாட்டுச் சங்கத்தில் மொத்தம் பத்துப் பேர். ஒன்பது பேர் சொடுக்கினால் தீபாவளி வெடி மாதிரி கேட்கும், பக்கத்துத் தாமான் வீடுகளில் நாய்கள் குரைக்கும். கார்த்திகேசு சொடுக்கினால் ஈரத்துண்டை உதறியது போல 'உஸ்' என்று ஒரு காற்று வரும். நாய்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

அவனுக்கு வயது நாற்பத்து மூன்று. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். உடம்பில் கோளாறு எதுவுமில்லை. கையில் வேகம் இருந்தது, மணிக்கட்டு சரியாகத் திரும்பியது. சங்கத் தலைவர் சிவநேசன் அவன் வீசுவதைக் கைப்பேசியில் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தார். "எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு கார்த்தி. சத்தம்தான் இல்ல," என்றார். இருந்தாலும் யாரும் அவனைச் சங்கத்தை விட்டுப் போகச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பெட்டி, மடக்கு மேசை, முதலுதவிப் பை எல்லாம் அவன் வேனில்தான் வந்தன.

சாட்டை வாங்கிய வாரமே அவன் மனைவி லோகேஸ்வரி அதற்கு ஆயுத பூசை போட்டிருந்தாள். வீட்டில் வேலை செய்கிற பொருள் எல்லாவற்றுக்கும் அன்று மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டுவது அவள் வழக்கம். வேன், தையல் மிஷின், ரைஸ் குக்கர் எதுவும் தப்பாது. சாட்டையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று கேட்டாள். நுனி என்றான். நுனியில் ஒரு மஞ்சள் துண்டை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, தானாக விழும்வரை கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டாள். இரண்டாவது வாரமே நூல் நெகிழ்ந்தது. கழற்றக் கூடாதே என்று கார்த்திகேசு அதன்மேல் கறுப்பு வயர் டேப்பை இறுக்கிச் சுற்றினான். சாட்டையும் கறுப்பு, டேப்பும் கறுப்பு. ஒரு மாதத்தில் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனான்.

லோகேஸ்வரி கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்தாள். சங்கத்தில் தான் முக்கியமான ஆள் என்று அவன் அவளிடம் சொல்லி வைத்திருந்தான். அது பொய்யில்லை. வேன் இல்லாவிட்டால் சங்கம் நகராது.

பிரச்சினை அவள் அண்ணன் ராதாகிருஷ்ணன் வடிவில் வந்தது. அவருக்குச் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி வியாபாரம். கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோஸ் லோரி ஞாயிறு விடியற்காலையில்தான் வரும். இறக்க ஆள் போதவில்லை. லோகேஸ்வரி வீட்டில் சும்மா இருந்த ஒரே ஆளைப் பார்த்தாள்.

"மூணு வருஷமா போறீங்க. நான் ஒரு தடவ பாத்தது கெடையாது," என்றாள். "பொங்கலுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்ல உங்க சங்கம் ஷோ பண்ணுதாமே. மேடையில ஏறி ஒழுங்கா ஒண்ண செஞ்சு காட்டுங்க. உங்க ஞாயித்துக்கெழம உங்களுக்கு. இல்லாட்டி அதுக்கு அடுத்த வாரத்துலேருந்து செலாயாங்."

கார்த்திகேசு சரி என்றான். முட்டைக்கோஸை அவனுக்குப் பிடிக்காது. தூக்கவும் பிடிக்காது, தின்னவும் பிடிக்காது. வாரத்தில் ஆறு நாள் பெட்டி தூக்குகிற மனிதன் ஏழாவது நாளும் ஏன் தூக்க வேண்டும்?

பிரிக்ஃபீல்ட்ஸ் விழாக் குழுவினர் ஒரு விண்ணப்பப் பாரம் அனுப்பியிருந்தார்கள். பத்து நிமிடம்தான் தருவார்கள், ஐந்து உருப்படிதான் மேடையேறலாம். ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே 'கடின அளவு, பத்துக்கு எத்தனை' என்று ஒரு கட்டம் இருந்தது. நடனக் குழுக்களுக்குப் போட்ட பாரத்தையே இவர்களுக்கும் அனுப்பிவிட்டார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. சிவநேசன் அதை அரசாங்க உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார். மிகக் கடினமான ஐந்து உருப்படிகள் மேடைக்கு, மற்றவர்கள் பை தூக்க வேண்டியது என்று அறிவித்தார்.

அன்றுதான் சங்கத்துக்குள் சண்டை தொடங்கியது.

ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒரு உருப்படி இருந்தது. தலைக்கு மேல் நாலு சுற்று சுற்றி வெடிப்பது 'ஃபேன்'. தேநீர் ஆற்றுவது போலக் கையை உயர்த்தி மேலிருந்து கீழே இழுத்துச் சொடுக்குவது 'தே தாரிக்'. பல் கிளினிக்கில் வேலை பார்க்கும் புனிதா ஐந்தடி தள்ளி நின்று மெழுகுவத்தியை அணைப்பாள். சிவநேசன் ஒருவர் வாயில் கௌவியிருக்கும் கிரீம் கிராக்கர் பிஸ்கட்டைப் பாதியாக உடைப்பார். பிஸ்கட்டைக் கௌவுகிறவன் எப்போதும் கார்த்திகேசுதான். அது அவன் உருப்படியாகாது.

எல்லோரும் சீட்டில் மார்க் எழுதிப் போட்டார்கள். ஒவ்வொருவரும் தன்னுடையதற்குப் பத்தும் மற்றவர்களுடையதற்கு இரண்டும் போட்டார்கள். கார்த்திகேசு மட்டும் எல்லாவற்றுக்கும் பத்து போட்டான். அவனுக்கு எல்லாமே கஷ்டம். சிவநேசன் கூட்டி வகுத்துப் பார்த்தபோது ஒன்பது உருப்படிக்கும் மூன்று புள்ளி ஆறு வந்தது.

"கார்த்தி அண்ணன் ஓட்டு செல்லாது லா," என்றான் விஜயன். செராஸிலிருந்து வருகிற இருபத்தாறு வயதுக்காரன். ஃபேன் அவனுடையது. ஆறே மாதத்தில் கைப்பேசி வீடியோ பார்த்து எல்லாவற்றையும் கற்றுக்கொண்டவன், அதை மறக்கவும் விடமாட்டான். "அவருக்கு சாட்டைய பையிலேருந்து எடுக்கறதே பத்துக்குப் பத்து."

அது உண்மைதான்.

வெளியாள் ஒருவர் மார்க் போடட்டும் என்று புனிதா சொன்னாள். எல்லோரும் ஒரே நேரத்தில் நிழற்கூடாரத்தின் பக்கம் திரும்பினார்கள். அங்கே தம்புசாமி மாஸ்டர் மீலோ குடித்துக்கொண்டிருந்தார்.

சங்கம் பயிற்சி செய்கிற இடம் ஒரு டிரைவிங் ஸ்கூலின் ஓட்டப்பாதை. ஞாயிறு விடுமுறை என்பதால் சும்மா கிடக்கும். தம்புசாமி அங்கே இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அசல் பரீட்சைக்கு அனுப்புவதற்கு முன் தானே ஒரு பரீட்சை வைப்பார். அசல் பரீட்சையில் பாஸ் ஆனவர்கள்கூட இவருடைய பரீட்சையில் பாஸ் ஆனதில்லை என்று ஒரு பேச்சு உண்டு. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஞாயிறும் வந்து உட்கார்ந்திருப்பார். சாட்டையைத் தொட்டதே இல்லை. சிரித்ததாகவும் தகவல் இல்லை.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கோப்பையை மூடி வைத்தார்.

"எது கஷ்டம்னு ஓட்டுறவன கேட்டா பொய் சொல்லுவான்," என்றார். "சைட் பார்க்கிங்தான் கஷ்டம்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா பெயில் ஆகறது புக்கிட்ல, மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப. மேட்ட பாத்தா பயமா இருக்காது, வண்டி மட்டும் பின்னால போகும். எத்தன பேரு பெயில் ஆகறாங்களோ அதான் கஷ்டத்தோட அளவு. நீங்க பத்துப் பேரு. ஒவ்வொரு ஐட்டத்தையும் பத்துப் பேரும் செய்ங்க. எத்தன பெயிலோ அத்தன மார்க்."

அவர் வண்டியிலிருந்து எழுதும் அட்டையும் பாரங்களும் எடுத்துவந்தார். டிரைவிங் ஸ்கூல் பாரம்தான். 'வாகன எண்' என்ற இடத்தில் உருப்படியின் பெயரை எழுதினார்.

பரீட்சை அங்கிருந்த புக்கிட் மேட்டின் அடிவாரத்தில் நடந்தது. சாட்டையைத் தூக்குவதற்கு முன் வலம், இடம், பின்னால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அந்த இடத்திலேயே பெயில். முதலில் நேர்ச் சொடுக்கு. அது சங்கத்தில் சேர்ந்த அன்றே எல்லோரும் கற்றுக்கொள்வது. ஒன்பது பேர் பாஸ், கார்த்திகேசு பெயில். நேர்ச் சொடுக்குக்கு ஒரு மார்க். அடுத்தது நாலு பேர் பெயில், அதில் ஒருவன் கார்த்திகேசு. தே தாரிக்குக்கு ஐந்து, அதிலும் அவன். எல்லா உருப்படிக்கும் முதல் மார்க்கை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அதற்காக யாரும் நன்றி சொல்லவில்லை.

கிரீம் கிராக்கருக்கு வந்தபோது சிக்கல். அடிப்பதற்கு ஒன்பது பேர் தயாராக இருந்தார்கள். கௌவுவதற்கு வழக்கமான ஆள் வர மறுத்தான். சிவநேசன் அடித்தால் நிற்பேன், மற்றவர்கள் அடித்தால் நிற்கமாட்டேன் என்று கார்த்திகேசு முதல் தடவையாகச் சங்கத்தில் ஒரு கருத்தைச் சொன்னான். கடைசியில் பிஸ்கட்டை ஒரு பிளாஸ்டிக் கூம்பின் உச்சியில் செருகினார்கள். ஏழு பேர் பெயில். மூன்று கூம்புகள் பிளந்தன. கூம்புகள் டிரைவிங் ஸ்கூலுடையவை. தம்புசாமி அதையும் குறித்துக்கொண்டார்.

ஃபேனில் விஜயன் வந்து நின்று, தலைக்கு மேல் அழகாக நாலு சுற்றுச் சுற்றி, மேட்டில் எதிரொலிக்கிற மாதிரி ஒரு வெடி வெடித்தான். புனிதா கைதட்டினாள்.

"பெயில்," என்றார் தம்புசாமி.

"என்ன மாஸ்டர்? சூப்பரா வந்துச்சு லா."

"பின்னால பாக்கல. அங்க ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருந்தா?"

விஜயன் பின்னால் பார்த்தான். புல்தான் இருந்தது. ஐந்து நிமிடம் வாதாடினான். தம்புசாமி ஒரு மஞ்சள் சீட்டைக் கிழித்து அவன் கையில் கொடுத்தார். உருப்படிக்குச் சொந்தக்காரர் பெயிலானால் உடனே கணக்கில் வராது, ரிப்பீட் உண்டு, அடுத்த ஞாயிறு எட்டு மணி, அதிலும் பெயிலானால்தான் சேரும் என்றார். அடுத்த ஞாயிறு விஜயன் வந்து, பின்னால் திரும்பி ஒரு நிமிடம் முழுக்கப் புல்லையே முறைத்துவிட்டுப் பாஸானான். ஃபேனுக்கு ஆறு மார்க் நிலைத்தது.

ஆனால் முக்கியமானது முதல் ஞாயிறு கடைசியில் நடந்தது. ஒன்பது உருப்படியும் முடிந்தன. தம்புசாமி பத்தாவது பாரத்தை எடுத்து, பேனாவைத் தட்டிவிட்டு, கார்த்திகேசுவைப் பார்த்தார்.

"மிஸ்டர் கார்த்திகேசு, உங்க ஐட்டம் என்ன?"

கார்த்திகேசு வேனைப் பார்த்தான். முட்டைக்கோஸ் மூட்டைகள் அதற்குள் ஏறுவது போலத் தெரிந்தது.

"அவரோடது சைலண்ட் ஐட்டம், மாஸ்டர்," என்றான் விஜயன். "சத்தமே வராது. வேர்ல்ட்லயே அவரு ஒருத்தராலதான் முடியும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தம்புசாமி சிரிக்கவில்லை. அவருக்கு அது ஒரு தகவல். பாரத்தில் நிதானமாக 'சத்தமில்லாச் சொடுக்கு' என்று எழுதினார்.

"முழு வேகம், முழு நீட்டு. சத்தம் வரக்கூடாது. வேகத்த கொறச்சா பெயில், சத்தம் வந்தாலும் பெயில். ஒருத்தர் ஒருத்தரா வாங்க."

அவர்கள் விளையாட்டாகத்தான் வந்தார்கள். சிவநேசன் வீசினார், வெடித்தது. புனிதா மணிக்கட்டைத் தளர்த்தி வீசினாள், வெடித்தது. ஒருவர் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார், சாட்டை செத்த பாம்பாக அவர் காலடியிலேயே விழுந்தது, பெயில். விஜயன் மூன்று தடவை கேட்டு வாங்கி வீசினான். மூன்றும் வெடித்தன, மூன்றாவதுதான் அன்றைய தினத்தின் பெரிய வெடி. பழகிய கை சத்தத்தை விட மறுத்தது. ஒன்பது பேரும் பெயில்.

கார்த்திகேசு வலம் பார்த்தான், இடம் பார்த்தான், பின்னால் பார்த்தான். முழு வேகத்தில் வீசினான். சாட்டை கம்பி மாதிரி நேராக நீண்டது. உஸ்.

"இன்னொண்ணு," என்றார் தம்புசாமி. உஸ். மூன்றாவது. உஸ்.

விஜயன் சாட்டையைச் சோதிக்க வேண்டும் என்று கத்தினான். ஒருவர் சாட்டையை இன்னொருவர் தொடக் கூடாது என்பது சங்கத்தின் நான்காவது விதி, அதனால் தம்புசாமியே வந்து டயரைப் பார்ப்பது போல நுனி வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். நுனியில் கை நின்றது.

"டேப் சுத்தியிருக்கே?"

"பூச போட்டது மாஸ்டர். சம்சாரம் மஞ்ச கட்டியிருக்கா," என்றான் கார்த்திகேசு. கேட்டபோதுதான் அவனுக்கே ஞாபகம் வந்தது.

தம்புசாமி சட்டென்று கையை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவருடைய ஆறு கார்களிலும் எலுமிச்சையும் மஞ்சளும் தொங்கின. அதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அங்கிருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை, விஜயனுக்கும்கூட. பூசை போட்டதென்றால் அதோடு பேச்சு முடிந்தது.

"பத்துக்கு ஒன்பது," என்றார் தம்புசாமி. "இதுதான் இருக்கறதுலயே கஷ்டம். கடைசி ஐட்டமா வைங்க."

வீட்டில் போய்ச் சொன்னான். லோகேஸ்வரி அவித்த இட்லியை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சத்தம் வராம வீசறது ஒரு வித்தையா? நானும்தான் வீசுவேன்."

"ஒம்போது பேரு பெயில். தம்புசாமி மாஸ்டரு மார்க் போட்டாரு."

அவள் கை நின்றது. லோகேஸ்வரி லைசென்ஸ் எடுத்தது அந்த ஸ்கூலில்தான். தம்புசாமியிடம் ஆறு தடவை பெயிலாகி ஏழாவது தடவை பாஸானவள். அந்த ஆறு மஞ்சள் சீட்டும் இன்னமும் நகைப்பெட்டியில் இருந்தன.

"அவரு ஒம்போது போட்டா அது ஒம்போதுதான்," என்றாள். மறுநாளே கடையில் வேலை பார்க்கிற பதினோரு பேரைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொல்லிவிட்டாள்.

விழா ஞாயிறு காலை. கார்த்திகேசு குளிக்கப் போனபோது லோகேஸ்வரி சாட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மேடையேறப் போகிற பொருள். நுனியில் அழுக்கேறி, பிசுபிசுத்து, மண்ணும் முடியும் ஒட்டிய ஒரு டேப். பார்க்கச் சகிக்கவில்லை. கத்தரிக்கோலால் அதை வெட்டி எறிந்தாள். உள்ளே மூன்று வருடத்து மஞ்சள் கல் மாதிரி இறுகிக் கிடந்தது, அதைப் பயபக்தியோடு துளசிச் சட்டியில் போட்டாள். சாட்டையைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, புது மஞ்சளைக் கைப்பிடியில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கட்டி, சுருட்டிப் பையில் வைத்தாள்.

விழா மண்டபத்துக்கு வந்து பையைத் திறந்த கார்த்திகேசு கைப்பிடியில் புது மஞ்சளைப் பார்த்தான். நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டான். சுருளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். தே தாரிக் நன்றாகப் போனது. ஃபேனில் விஜயன் அவ்வளவு நேரம் பின்னால் பார்த்தான், அங்கே யாரோ வருகிறார்கள் என்று கூட்டமும் எட்டிப் பார்த்தது. கிரீம் கிராக்கர் பாதி உடைந்தது, மீதிப் பாதியைக் கார்த்திகேசு மென்று விழுங்கினான். மெழுகுவத்தி அணைந்தது. பிறகு சிவநேசன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

அடுத்து வருவது சங்கத்திலேயே மிகக் கடினமான உருப்படி என்றார். பத்துக்கு ஒன்பது என்றார். இதில் எதுவும் கேட்காது, அந்தக் கேட்காததைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும் என்று விளக்கினார். மண்டபத்து மின்விசிறிகளின் இரைச்சலில் அது கேட்காமல் போய்விடும் என்று விசிறிகளை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். முறுக்குப் பொட்டலங்கள் அசையவில்லை. முந்நூறு பேர் வியர்த்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் லோகேஸ்வரி, அவள் இரு பக்கமும் சேலைக்கடை. முதல் வரிசையில் தம்புசாமி, மடியில் அட்டை.

கார்த்திகேசு வலம் பார்த்தான், இடம் பார்த்தான், பின்னால் பார்த்தான். வீசினான்.

சங்கத்தின் சரித்திரத்தில் அப்படி ஒரு வெடி வெடித்ததில்லை. மூன்று வருடமாக மஞ்சளைச் சுமந்து பழகிய கை அதே பலத்தோடு வீசியது, நுனியில் சுமை இல்லை. முன்வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியோடு பின்னால் போனார். வாய் பொத்தியிருந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாக அழுதன. திரைக்குப் பின்னால் ஓர் உறுமி மேளக் குழு காத்திருந்தது. சாட்டை முடிந்ததும் ஆரம்பியுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இதைவிடத் தெளிவாக எதுவும் முடியாது என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. எட்டு உறுமியும் ஒரே நேரத்தில் முழங்கத் தொடங்கின. கூட்டம் எழுந்து கைதட்டியது.

கார்த்திகேசு மேடையில் அசையாமல் நின்றான். தன் கையிலிருந்த பொருள் யாருடையது என்று தெரியாத மாதிரி அதைப் பார்த்தான். நுனியைத் தொட்டுப் பார்த்தான். மழமழவென்று இருந்தது.

தம்புசாமி மேடையேறி ஒலிவாங்கியை வாங்கினார். உறுமிச் சத்தம் அடங்கும்வரை பொறுமையாக நின்றார். முந்நூறு பேரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"பெயில்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

லோகேஸ்வரி மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தாள். சேலைக்கடைக்காரிகள் கொஞ்சம் தள்ளி நின்று கேட்காத மாதிரி கேட்டார்கள்.

"சத்தம் நல்லாத்தானே வந்துச்சு?"

"வரக்கூடாது."

"எல்லாருக்கும் கேட்டுச்சுங்க. வெளிய வடைக்கடைக்காரனுக்கே கேட்டுருக்கும்."

"கேக்கவே கூடாது, லோகேஸ்."

தான் என்ன செய்தோம் என்பது அவளுக்குத் தெரியாது. அவன் மெதுவாக நுனி டேப்பைப் பற்றிக் கேட்டான், அசிங்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன், கைப்பிடியில் புதுசு கட்டியிருக்கிறேனே பார்க்கவில்லையா என்றாள். பார்த்தேன் என்றான். அந்த நிமிடம்தான் அவனுக்கு மூன்று வருடமும் புரிந்தது. அவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சாமி காரியம். சொன்னால் அது யார் குற்றம் என்று ஒரு பேச்சு வரும், எப்படிப் பார்த்தாலும் அவன் குற்றமாகத்தான் முடியும்.

"அப்ப பெயிலுதானே?" என்றாள்.

"பெயிலுதான்."

"அப்ப அடுத்த வாரம் செலாயாங். பேசுனது பேசுனதுதான். அண்ணனுக்கு இப்பவே போன் போடறேன்."

அவள் கைப்பேசியை எடுத்தபோது தம்புசாமி வந்தார். மஞ்சள் சீட்டைக் கிழித்துக் கார்த்திகேசுவிடம் நீட்டினார்.

"ரிப்பீட். அடுத்த ஞாயிறு, எட்டு மணி. லேட்டா வந்தா பெயில்." அவளைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்தார். "லோகேஸ்வரிதானம்மா? ஏழு தடவ. வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது மாஸ்டர்," என்றாள் லோகேஸ்வரி.

அவர் போன பிறகும் அவள் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மஞ்சள், அதே ரப்பர் முத்திரை. ஆறு தடவையும் இதைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதபடி வீட்டுக்கு வந்தவள் அவள். ஆறு தடவையும் கார்த்திகேசு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அடுத்த வாரம் எத்தனை மணிக்கு என்று மட்டும்தான் கேட்பான். கூட்டிக்கொண்டு போவான், வெயிலில் நிற்பான், திரும்பக் கூட்டி வருவான்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

"ரிப்பீட் குடுத்தா எடுக்கணும்," என்றாள். "பாஸ் ஆகற வரைக்கும் போங்க. அது வரைக்கும் அண்ணன் வேற ஆளப் பாத்துக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை லோகேஸ்வரி கடைக்குப் போனதும் கார்த்திகேசு வீட்டுப் பின்சந்தில் சோதித்துப் பார்த்தான். நுனியில் மஞ்சள் கட்டி டேப் சுற்றி வீசினான். உஸ். அவிழ்த்துவிட்டு வீசினான். மூன்றாவது வீட்டு ஆன்டியின் கார் அலாரம் கத்தத் தொடங்கியது. ஆன்டி வருவதற்குள் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். மஞ்சளில் வித்தை எதுவுமில்லை. நுனியில் எதைக் கட்டினாலும் அப்படித்தான். மூன்று வருடமாக அவன் எல்லோரையும் போலத்தான் வீசியிருக்கிறான், ஒரு துண்டு மஞ்சளைச் சுமந்துகொண்டு.

ஞாயிறு எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டான். சட்டைப் பையில் மஞ்சளும் டேப்பும் இருந்தன. கட்டினால் பாஸ். மார்க் ஒன்பது நிலைக்கும், அடுத்த விழாவிலும் அவனே கடைசி உருப்படி. ஆனால் பாஸானால் ரிப்பீட் இல்லை. ரிப்பீட் இல்லாவிட்டால் லோகேஸ்வரிக்குச் செலாயாங் ஞாபகம் வரும். அதுவுமில்லாமல் அந்த வெடி அவன் காதில் ஒரு வாரமாக ஒலித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு எப்படி?" என்றான் விஜயன். "சத்தம் வருமா, வராதா?"

"பாப்போம்."

மேட்டின் அடியில் போய் நின்றான். பையில் கையை விட்டு மஞ்சளைத் தொட்டான். அது இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்தான். வலம், இடம், பின்னால். வீசினான்.

வெடி மேட்டில் மோதித் திரும்பி வந்தது. பக்கத்துத் தாமானில் நாய்கள் குரைத்தன.

"பெயில்," என்றார் தம்புசாமி. அட்டையைப் புரட்டி, பழைய பாரத்தை எடுத்து, ஒன்பதை அடித்துவிட்டு மேலே பத்து என்று எழுதினார். "சொந்தக்காரரும் ரெண்டு தடவ பெயில். மொத பாஸ் ரத்து. பத்துக்குப் பத்து. இருபத்தாறு வருஷத்துல யாருமே பாஸ் ஆகாத ஒரு பரீட்சைய இப்பத்தான் பாக்கறேன்." குரலில் ஒரு திருப்தி இருந்தது.

சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். கார்த்திகேசு அதை வாங்கி மஞ்சள் துண்டு இருந்த பையிலேயே போட்டுக்கொண்டான்.

"மாஸ்டர், ரிப்பீட்டுக்கு ஏதாச்சும் லிமிட் இருக்கா?"

"கெடையாது," என்றார் தம்புசாமி.

கார்த்திகேசு தலையாட்டிவிட்டு, யாரும் கேட்காமலே திரும்பவும் வலம் பார்த்தான், இடம் பார்த்தான், பின்னால் பார்த்தான். நாய்கள் இன்னும் ஓயவில்லை.